அக்காவுக்கு இருந்தது ஓல்ட்டைமர்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சாப்பிட்டு முடித்துப் போகும்போது இந்த நினைவு மலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவீர்கள். ரயிலில் இருந்து வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள், படத்தை மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியில் வைக்கிறவர்களும் இருப்பீர்கள். எனக்கு வந்த மலர்களை நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்த ஒருமுறை மட்டும் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிடுங்கள். அக்காவைப் பற்றி உங்களில் அநேகர் அறிந்து வைத்திருக்கும் ஒரு சங்கதி பிழையானது. அந்தப் பிழையைச் சொன்னவன் அவருடைய தம்பியாகிய நான்.

எனக்கு எழுத்து வராது. சுவிசில், லா ஷோ-து-ஃபோனில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில், முகப்புத் தட்டில் கீறல் இருக்கிறதா இல்லையா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிற வேலையில் என் காலம் போனது. இருந்தால் ஒரு பெட்டி, இல்லாவிட்டால் மற்றப் பெட்டி. அதைப்போல்தான் இதையும் எழுதப்போகிறேன். அழுது எழுதினால் நன்றாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். அழுகை வரவில்லை. முப்பத்தொரு நாளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் முடியவில்லை. பல் பிடுங்கியபின் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது.

அக்கா சுன்னாகத்தில் பிறந்தார். பெரியண்ணை மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அப்பா சந்தியில் ஹயர் கார் ஓட்டினார். பச்சை நிற ஏ-ஃபோட்டி. அந்தக் காரின் பின் இருக்கையில்தான் நாங்கள் மூவரும் பாடம் படித்தோம். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றார். நிறுத்தியது யார், ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

திருமணமாகி ஒரு வருடம் முடியுமுன் அத்தான் சுவிசுக்கு வந்துவிட்டார். நானும் பெரியண்ணையும் ஏற்கெனவே இங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அக்கா மட்டும் அப்பா அம்மாவோடு ஊரில் ஏழு வருடம் இருந்தார். பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் கண்ணாலும் காண முடியாத காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடுமே தவிர, மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் ஆகாது. அதற்கு முதலில் நாலைந்து துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் விடவேண்டும். அந்தத் துளிகளை ஆஸ்பத்திரியில் எறிகிற சேலைன் போத்தலில் வைத்திருப்பார்கள். அப்பாவுக்குக் கை நடுக்கம். ஆகவே ஒவ்வொரு விடியலும் பொனற்றைத் திறந்து துளி விட்டு, காரை உயிர்ப்பித்துக் கொடுத்தது அக்கா. மூக்கு நிறையப் புகையோடுதான் அடுப்படிக்குப் போவாராம். இதையெல்லாம் அவர் பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த ஏழு வருடத்தில் நடந்த வேறு எதைப் பற்றியும் அவர் சொல்லவில்லை.

பிறகு அத்தான் இருந்த கூர் நகருக்கு வந்தார். அத்தான் ஹோட்டலில் கோப்பை கழுவினார். அக்கா அதே ஹோட்டலின் சலவை அறையில் பதினைந்து வருடம், அதன்பின் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை. பிள்ளைகள் இல்லை. அதற்காக அவர் கோயில் கோயிலாகத் திரிந்ததும் இல்லை. "கடவுளுக்கு வேற வேலை இல்லையே" என்பார்.

அக்கா ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அத்தான், தன்னோடு வேலை செய்த ஒரு சுவிஸ்காரரிடம் பழைய கரவன் ஒன்றை வாங்கினார். காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற, இரண்டு பேர் படுக்கக்கூடிய சின்ன வீட்டு வண்டி. நாடு முழுக்கச் சுற்றிப் பார்ப்பது என்பது இரண்டு பேரின் திட்டம். அந்த மாரியில் அத்தான் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். கரவன் தரிப்பிடத்தில் நின்றது. விற்கச் சொல்லி நாங்கள் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

அக்கா விற்கவில்லை. இழுவை வண்டி ஓட்டும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தார். பின்னுக்கு எடுக்கும்போது தடியை இடித்து முதல் தடவை தவறினார். இரண்டாம் தடவை சித்தியடைந்தார். அன்று எனக்குத் தொலைபேசி எடுத்து அவர் சொன்னது இது: "முப்பது வருசமா இந்த நாட்டின்ர துவாயெல்லாம் தோய்ச்சிருக்கிறன், தம்பி. நாட்டைப் பாக்கேல்ல." ஓய்வு பெற்ற வருடம் சித்திரை பிறந்ததும் கூரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, அத்தானின் படத்தைக் கரவனின் சின்ன யன்னலுக்கு மேல் கொளுவிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பிழையாக அறிந்திருக்கிறீர்கள்.

வைகாசி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா தொலைபேசி எடுத்தார். மலைக்குள் இருந்து கதைத்தார், கோடு கரகரவென்று இருந்தது. நடந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஒவ்வொரு சொல்லும் பாடம்.

"தம்பி, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அக்கா."

"எனக்கு இப்ப ஓல்ட்டைமரைத் தவிர வேறொண்டும் நினைவில்லையடா."

என் காதில் விழுந்தது "அல்சைமர்". மறதி வருத்தம். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"எப்ப தொடக்கம்?"

"போன மாசம் மழைக்குள்ள தொடங்கினது. இப்ப நல்லா முத்திப்போச்சு."

"தனியவோ இருக்கிறியள்? ஆர் பாக்கினம்?"

"இஞ்ச பத்துப்பேர் இருக்கினம். எல்லாரும் என்னைவிட வயசுபோன ஆக்கள். கிழமையில மூண்டு நாள் போறன். கையுறை போடாமத் தொட விடமாட்டினம், அவ்வளவு கவனம்."

"மிச்ச நாளுக்கு?"

"கரவனுக்குள்ள படுத்திருப்பன். ஏரியைப் பாத்துக்கொண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆருக்கும் சொல்லிப்போடாதை. அண்ணிக்கும் வேண்டாம். இந்த வயசில இது தேவையோ எண்டு சிரிப்பினம்."

"இதுக்கு ஆர் அக்கா சிரிப்பினம்?" என்று கேட்டேன்.

"நீ நல்லவன்ரா" என்றார் அக்கா.

கூர்ப் பக்கம், சூரிச் பக்கம், சோலோதுர்ன் பக்கம் இருக்கிற உங்களுக்கு இது விசர்க்கதையாக இருக்கும். பழைய மோட்டார் வாகனத்துக்கு ஜெர்மன்காரர் சொல்கிற பெயர் ஓல்ட்டைமர் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கம் பிரெஞ்சு. பழைய காருக்கு நாங்கள் வேறு பெயர் சொல்வோம். ஒரே நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் எனக்கு ஜெர்மனில் "வணக்கம்", "நன்றி", "பாண்" என்பவற்றுக்கு மேல் தெரியாது. அக்காவுக்குப் பிரெஞ்சு அந்தளவுகூடத் தெரியாது. தமிழில்தானே கதைக்கிறோம், அது எதற்கு என்று இருந்தோம்.

அன்று நான் அழுதேன். மறுநாளும் வேலையிடத்தில் அழுதேன், மேலாளர் வீட்டுக்கு அனுப்பினார். அக்கா சொல்லக் கூடாது என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் சோலோதுர்னில் இருக்கும் அண்ணிக்கு எடுத்தேன், ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று. "அண்ணி, அக்காவுக்கு மறதி வருத்தம்" என்றேன். கேட்ட சொல்லைக் கேட்டபடி சொல்லியிருந்தால் அண்ணி அங்கேயே சிரித்து, "தம்பி, அது பழைய கார்" என்றிருப்பா. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தக் கிழமைக்குள் லண்டன், கனடா, பிரான்ஸ், ஊர் எல்லா இடமும் போய்விட்டது. சுன்னாகத்தில் சித்தி அர்ச்சனை செய்தா. அண்ணி இதை வாசிப்பா. அண்ணி, உங்களில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கவலையில் சொன்னீர்கள்.

ஆடி மாதம் தொழிற்சாலை விடுமுறை விட்டதும், அக்காவைக் கூட்டிவரப் புறப்பட்டேன். மூன்று ரயில் மாறினேன். பையில் மருந்துக்கடையில் தந்த பிரெஞ்சுப் பிரசுரம் ஒன்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் திறப்பை வைத்துவிட்டுத் தேடுகிற ஒரு மூதாட்டியின் படம் அதன் அட்டையில். அக்கா தந்த விலாசம் கூருக்கும் சூரிச்சுக்கும் இடையில் ஓர் ஏரிக்கரை ஊர். பழைய நெசவாலைக் கட்டடம். பராமரிப்பு நிலையம் நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே வரிசையாகக் கார்கள் நின்றன. மஞ்சள் நிறப் பழைய பஸ் ஒன்று, தீயணைக்கும் வண்டி ஒன்று, பெயர் தெரியாத எத்தனையோ. நீல வேலைச் சட்டை போட்ட உயரமான கிழவர் ஒருவர் வந்தார். அவர்தான் வேர்னர், முந்தி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அக்காவின் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பச்சைக் காரின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ரயரில் வெண்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார் அக்கா. அவருக்கும் அதே நீலச் சட்டை.

"அக்கா, நான் தம்பி" என்று ஆறுதலாக, உரத்துச் சொன்னேன்.

"தெரியுது. ஏன்ரா கத்துறாய்?"

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நான் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"எங்கை?"

பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உதென்ன? ஆர் இந்த மனிசி?" பிறகு நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்கா அப்படியே சீமெந்து நிலத்தில் இருந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேர்னர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். அக்கா ஜெர்மனில் விளக்கினார். வேர்னர் என்னை வாசலுக்கு இழுத்துப் போய், மேலே பெரிய எழுத்தில் இருந்த சொல்லை விரலால் காட்டினார். ஓல்ட்டைமர். அதற்குக் கீழால்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். சித்திரையில் அந்த ஊரில் கரவன்கள் தரிக்கிற முகாமில் நிறுத்தியபோது மூன்று நாள் விடாமல் மழை. நனையாமல் நிற்க அக்கா இந்தப் பழைய வாகனக் காட்சிச்சாலைக்குள் வந்திருக்கிறார். வந்தால் எதிரே பச்சை ஏ-ஃபோட்டி. அன்று வேர்னரும் இன்னும் இருவரும் அந்தக் காரை ஸ்ரார்ட் பண்ண மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்களாம். வருடக்கணக்கில் நின்ற கார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மூக்குக்கு விடுகிற மருந்துப் போத்தல் ஒன்று வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போத்தல் வந்தது. அதற்குள் பெற்றோல் எடுத்து, காபரேற்றரின் வாய்க்குள் ஐந்து துளி விட்டு, "இப்ப அடியுங்கோ" என்றிருக்கிறார். கார் இருமிக்கொண்டு எழும்பியது. எங்கே படித்தீர்கள் என்று வேர்னர் கேட்க, அக்கா ஜெர்மனில் ஒரே ஒரு சொல் சொன்னார்: "சண்டையில."

அடுத்த நாளே கையுறையும் நீலச் சட்டையும் கொடுத்துவிட்டார்கள். சம்பளம் இல்லாத தொண்டு வேலை. இரண்டு நாள் நிற்க வந்தவர் அந்த வருடம் ஐப்பசி வரை நின்றார். பிறகு ஒவ்வொரு வருடமும் சித்திரையில் கரவனைக் கொளுவிக்கொண்டு ஒரு பாதையால் போய், ஏதாவது ஓர் ஏரி, ஏதாவது ஒரு மலையடி என்று ஒன்றிரண்டு கிழமை நின்று பார்த்துவிட்டு, கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்வார். நாட்டையும் பார்த்தார், காரையும் பார்த்தார்.

அவருடைய முக்கிய வேலை சக்கரம் திருப்புவது. ஓடாமல் நிற்கிற வாகனத்தின் பாரம் ரயரின் ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடம் தட்டையாகிவிடும். பிறகு வட்டத்துக்கு வராது. ஆகவே மாதத்தில் ஒருமுறை ஒவ்வொரு வாகனத்தையும் கால் சுற்று தள்ளி வைப்பார்கள். எந்த வாகனம், எந்தப் பக்கம், எந்தக் கோடு கீழே இருந்தது என்பதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட வாகனங்கள். அந்தப் பொறுப்பை அவர்கள் அக்காவிடம் கொடுத்திருந்தார்கள். நீங்கள் மறதி வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த அக்காவிடம்.

அன்று பின்னேரம் நான் ரயில் ஏறும்போது அக்கா சொன்னார்: "சரி, சிரிச்சது காணும். எல்லாருக்கும் எடுத்து உண்மையைச் சொல்லிப்போடு. இண்டைக்கே."

"ஓம்" என்றேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சித்தி அர்ச்சனை செய்திருக்கிறா, கனடாவில் இருக்கிறவர்கள் என்னோடு சேர்ந்து அழுதிருக்கிறார்கள். எனக்குக் காது பிழைத்துவிட்டது, அது பழைய கார் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆவணியில் பெரியண்ணையின் மகளுக்குத் திருமணம், எல்லாரும் வருவார்கள், நேரில் சொன்னால் சிரித்து முடிந்துவிடும் என்று தள்ளிப்போட்டேன். என்னுடைய மானத்தைப் பார்த்தேன் என்பதுதான் சரி. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.

திருமணத்துக்கு முதற்கிழமை அண்ணி வீட்டில் பலகாரம் சுட்டார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அக்காவின் பயற்றம் பணியாரத்துக்கு எங்கள் குடும்பத்தில் வேறு ஆள் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கரவனோடே வந்து இறங்கி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குக் கிட்டப் போனார். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தா.

"வேண்டாம் மச்சாள். நெருப்பு. நீங்கள் உதில இருங்கோ."

"ஏன், நான் நெருப்புக் காணாத ஆளோ?"

"இல்லை, இல்லை... நீங்கள் இருந்து பாருங்கோ. காணும்."

சுவரோரம் கதிரை போட்டு இருத்தினார்கள். யாரோ ஒரு பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து, "மாமி, இது தேத்தண்ணி. சுடும்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. இன்னொருவர் குனிந்து, "என்னை ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்டார். அக்கா அவருடைய பெயர், தகப்பன் பெயர், ஊரில் அவர்கள் வீட்டு ஒழுங்கை எல்லாம் சொன்னார். "பாத்தியளே, பழசெல்லாம் அப்பிடியே இருக்கு. புதுசுதான் நிக்காதாம்" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார்.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. எழும்பி நின்று, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவன் தம்பி பிழையா விளங்கிச் சொல்லிப்போட்டான்" என்றார்.

"ஓம் ஓம் மச்சாள்" என்றா அண்ணி, பிள்ளையைத் தட்டுகிற மாதிரி முதுகில் தட்டி. "நீங்கள் இருங்கோ."

இல்லை என்று சொல்வதும் அந்த வருத்தத்தின் அடையாளம் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். இனி அக்கா என்ன சொன்னாலும் எடுபடாது. அந்த வீட்டில் எடுபடக்கூடியது ஒருவனுடைய சொல் மட்டும்தான். அக்கா என்னைப் பார்த்தார். பெரியண்ணை, அண்ணி, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் பலகாரத் தட்டு இருந்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

அண்ணி மெல்லக் கேட்டா: "தம்பி, மச்சாளைக் கொஞ்ச நேரம் வெளியில கூட்டிக்கொண்டு போறியளோ?"

"ஓம்" என்றேன்.

கரவன் வரைக்கும் நடந்தோம். அக்கா ஏசவில்லை. கதவைத் திறந்து, படியில் இருந்து, செருப்பைக் கழற்றினார். "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். அவ்வளவுதான். திருமண நாளன்று கடைசி வரிசையில் இருந்து அறுகரிசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். "அக்காவுக்குச் சனக்கூட்டம் ஒத்துக்கொள்ளாது" என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு குடும்ப நிகழ்வுகளுக்கு அவர் வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. என்னோடு மட்டும் கிழமைக்கு ஒருமுறை கதைப்பார். எந்தப் பாதையால் போனார், எந்த ஏரியில் தண்ணீர் எந்த நிறம், எந்தக் காரின் இருக்கையைப் பூச்சி அரித்துவிட்டது என்று. அந்த விஷயத்தைப் பற்றி ஒருநாளும் எடுக்கவில்லை. போன கோடையில் மஞ்சள் பஸ்ஸை ஊர் சுற்ற ஓட்டினார்கள், என்னையும் கூப்பிட்டார். வேர்னர் ஓட்ட, நாங்கள் முன் இருக்கையில் இருந்தோம். வளைவில் பஸ் ஊதும்போதெல்லாம் அக்கா என் தொடையில் அடித்துச் சிரித்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போனதும் அண்ணிக்கு எடுக்கலாம் என்று அந்தப் பஸ்ஸிலும் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதால் இப்போது யாருக்கு என்ன?

கடைசியாகக் கதைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. "உங்கை குளிரோ?" என்று கேட்டார். "ஓம், தொடங்கிட்டுது" என்றேன். "கரவனைக் கழுவிப்போட்டு வாற கிழமை கூருக்குப் போயிடுவன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சக்கரம் திருப்புகிற நாள். காலை எட்டு மணிக்கு நீலச் சட்டையோடு முதலாவதாக வந்து நிற்கிறவர் வரவில்லை. ஒன்பது மணிக்கு வேர்னர் முகாமுக்கு நடந்து போயிருக்கிறார். கரவனுக்குள் அக்கா படுத்தபடியே இருந்தார். இதயம் நின்றுவிட்டது, நித்திரையில் போயிருக்கிறார் என்று வைத்தியர் சொன்னார். தேத்தண்ணிக் கேத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வெண்கட்டி சட்டைப் பையில் இருந்தது. இவ்வளவுதான் கடைசி நாள்கள். எழுத வேறொன்றும் இல்லை.

நான் போனபோது வேர்னர் ஒரு கொப்பியைத் தந்தார். எந்தச் சக்கரம் எப்போது திருப்பப்பட்டது என்று அக்கா மூன்று வருடமாக எழுதி வைத்த கொப்பி. தமிழில். அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, அக்கா இருந்ததால் தேவையும் வரவில்லை. நான் மேசையில் இருந்து வாசித்தேன். "தீயணைப்பு வண்டி, முன் வலது, கால் சுற்று, கோடு கீழே." எனக்குத் தெரிந்த ஜெர்மன் போதவில்லை. வாகனத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கையால் காட்டக் காட்ட, வேர்னர் எழுதிக்கொண்டார். எல்லா வாகனமும் முடிய மத்தியானமாகிவிட்டது. ஓர் இடத்திலும் தவறு இல்லை, ஒரு மாதமும் விடுபடவில்லை, மாரியில்கூடக் கூரில் இருந்து ரயிலில் வந்து போயிருக்கிறார். எனக்கென்று ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கடைசித் தாள்வரை தேடினேன். இல்லை. சக்கரங்கள் மட்டும்தான் இருந்தன. கொப்பியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

கூரில் இறுதிக் கிரியை நடந்தபோது, வேர்னரும் மற்றவர்களும் அந்த மஞ்சள் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்தீர்கள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். அவர்களைப் பராமரிப்பு நிலையத்து ஆட்கள் என்று நினைத்து உங்களில் பலர் போய்க் கைகொடுத்து, அக்காவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னீர்கள். வேர்னர் அதற்கு ஜெர்மனில் ஏதோ சொன்னார். அண்ணியின் மகள் மொழிபெயர்த்தாள்: "நாங்கள் எங்கே பார்த்தோம், அவர்தான் எங்களைப் பார்த்தார் என்று சொல்கிறார்." மரியாதைக்குச் சொல்கிறார் என்று எல்லாரும் தலையாட்டினீர்கள்.

இந்த மலருக்காக நீங்கள் அனுப்பிய அஞ்சலிகளை அச்சுக்குக் கொடுக்குமுன் வாசித்தேன். "மறதி நோயின் கொடுமையிலும் புன்னகை மாறாதவர்" என்று ஒருவர். "எங்களை மறந்தாலும் நாங்கள் மறவோம்" என்று ஒருவர். பதினொரு அஞ்சலிகளில் ஏழு அப்படி. அன்பாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை நான் சேர்க்கவில்லை, மன்னிக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். செய்தி கேட்டதும் ஓடிவந்து கூர் வீட்டில் சமைத்துப் போட்ட அயலவர்களுக்கு, கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கு, கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்து சேர்ந்தவர்களுக்கு, முப்பத்தொரு நாளும் எனக்குச் சாப்பாடு போட்டுப் பேசாமல் இருந்த என் மனைவிக்கு. எல்லாருக்கும் மேலாக வேர்னருக்கும் நீலச் சட்டைக்காரர் எல்லாருக்கும். அவர்களால் இதை வாசிக்க முடியாது. அவர்கள் அக்காவைச் சரியாக அறிந்தவர்கள், வாசிக்கத் தேவையும் இல்லை. கரவனை அவர்களிடமே விட்டிருக்கிறேன். அதன் சக்கரத்தையும் மாதத்தில் ஒருமுறை கால் சுற்றுத் திருப்புவதாகச் சொன்னார்கள்.

இல்லாத வருத்தத்துக்கு இரண்டு நாள் அழுதவன் நான். உண்மையாகவே போனபோது ஒரு சொட்டும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கூரில் கிரியை முடிந்து, அக்காவைத் தகனத்துக்குக் கொண்டுபோகுமுன் மண்டப வாசலில் நிற்கும்போது, அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "பாவம் மச்சாள். எங்கள் எல்லாரையும் முழுக்க மறக்க முன்னம் போயிட்டா. ஒருவகையில அதுவும் நல்லதுதான், என்ன தம்பி?"

அப்போதும் நான் "ஓம்" என்றேன். அக்காவை உள்ளே வைத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னேன். அந்த ஓமை இன்று உங்கள் எல்லாருக்கும் முன்னால் திருப்பி எடுக்கிறேன். அண்ணி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது.

இல்லை, அண்ணி. அக்கா ஒருவரையும் மறக்கவில்லை.